ஃப்ளோரிடா வளைகுடாக் கரையில் ஒரு வாரம்: வீடு பிடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். அட்லாண்டாவிலிருந்து மூன்று குடும்பங்கள், நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஐந்து பிள்ளைகள், கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, ஆக மொத்தம் பதின்மூன்று பேர். டெஸ்டின் அல்லது பனாமா சிட்டி பீச் பக்கம் ஒரு வாரம் வீடு எடுத்துத் தங்க வேண்டும். எந்த மாதம் போகலாம், எந்த இடம் நல்லது, தனி வீடா காண்டோவா (அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு யூனிட்), ஏமாறாமல் எப்படி எடுப்பது?

முதலில் போட்டோக்களை மூடிவிட்டு மேப்பைத் திறங்கள். அந்தக் கரையில் அழகில்லாத கடற்கரை என்று ஒன்று கிடையாது, எங்கே போனாலும் அதே வெள்ளை மணல், அதே பச்சை நீர். வீட்டு வாசலிலிருந்து மணல் வரைக்கும் உள்ள தூரம்தான் உங்கள் வாரத்தைத் தீர்மானிக்கும். முழங்கால் வலியுள்ள அம்மாவும் நான்கு வயதுப் பிள்ளையும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தத் தூரத்தைப் போய்வர முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அது நல்ல வீடு. முடியாது என்றால் சமையலறை எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்றாவது நாளிலிருந்து பெரியவர்கள் டிவி முன்னாலும் மற்றவர்கள் கடற்கரையிலும் என்று வீடு இரண்டாகப் பிரிந்துவிடும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பென்சகோலாவிலிருந்து பனாமா சிட்டி வரை நீளும் இந்தக் கரையின் மணல் கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ். அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அரைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. அதனால்தான் ஜூலை மத்தியானத்திலும் மற்ற கடற்கரைகள் அளவுக்குக் கால் சுடாது, நடந்தால் காலடியில் கிறீச்சிடும். கரை தெற்கு நோக்கியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடலில் இறங்குவதைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

மேற்கே பென்சகோலா பீச், நவார். இரண்டிலும் கூட்டம் குறைவு. அடுத்து ஒக்கலூசா தீவு, அதன் பெரும்பகுதி எக்ளின் விமானப்படைத் தளத்துக்குச் சொந்தம் என்பதால் கட்டடமே இல்லாத வெற்றுக் கரை நிறைய உண்டு. பாலம் தாண்டினால் டெஸ்டின், அப்புறம் மிராமர் பீச், அதற்குக் கிழக்கே 30ஏ சாலையோரத்துச் சிற்றூர்கள், கடைசியில் பனாமா சிட்டி பீச். 30ஏ மிக அழகு, சந்தேகமே இல்லை, ஆனால் விலை அதிகம், பார்க்கிங் இல்லை, வீடுகள் பெரும்பாலும் மூன்று மாடி உயரத்துக்குப் படிகளுடன் இருக்கும். பெரியவர்கள் இல்லாத, சைக்கிள் ஓட்டும் வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சரி, அங்கே டிம்பூச்சி ட்ரெயில் என்று சாலையை ஒட்டியே 19 மைல் பாதை இருக்கிறது. உங்கள் கூட்டத்துக்கு ஒக்கலூசா தீவு, மிராமர் பீச், பனாமா சிட்டி பீச்சின் மேற்குப் பகுதி, இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வேன்.

தனி வீடா காண்டோவா என்றால், கடலை ஒட்டிய காண்டோ கட்டடத்தில் ஒரே தளத்தில் அடுத்தடுத்து இரண்டு யூனிட் எடுங்கள். எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பதுதான் நம் ஆட்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பதின்மூன்று பேருக்கான கடலோரத் தனி வீடு என்றால் விலை எங்கோ போய்விடும், கட்டுப்படியாகும் வீடு கிடைத்தால் அது சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். காண்டோவில் லிஃப்ட் உண்டு, கீழே இறங்கினால் மணல்மேட்டைத் தாண்டிப் போகும் மரப்பாலம், அதன் முடிவில் கடல். சாலையைக் கடக்க வேண்டாம். இரண்டு சமையலறை, நான்கைந்து குளியலறை. பாட்டி சீக்கிரம் தூங்க ஒரு யூனிட் அமைதியாக இருக்கும், மற்றவர்கள் அடுத்ததில் நடுநிசி வரை பேசலாம். மிக உயரமான மாடி வேண்டாம். சனிக்கிழமை எல்லோரும் பெட்டியோடு ஏறும் நேரத்தில் லிஃப்டுக்குக் காத்திருப்பதே பெரும் வேலை. மூன்றாவது, நான்காவது மாடி போதும், அங்கிருந்து தாத்தா பேரப் பிள்ளைகளைக் கண்ணால் அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

சொந்த நீச்சல் குளத்துடன் வீடு என்று யாராவது ஆசைப்பட்டால் தயவுசெய்து யோசியுங்கள். நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பின்கதவைத் திறந்ததும் குளம் என்பது வசதி இல்லை, வாரம் முழுக்க ஒருவர் காவல் இருக்க வேண்டிய வேலை. பதின்மூன்று பேர் இருக்கும்போது ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பதுதான் ஆபத்தே. எடுத்தே ஆக வேண்டுமென்றால் குளத்தைச் சுற்றி வேலி உண்டா, பின்கதவில் அலாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். காண்டோவில் இதற்கு ஈடான கவலை பால்கனி. உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக நாற்காலி, மேசை எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி நகர்த்தி வையுங்கள்.

இப்போது விளம்பரத்தை எப்படிப் படிப்பது. கல்ஃப் ஃப்ரண்ட் என்றால் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கல்ஃப் வியூ என்றால் எங்கிருந்தோ கடல் தெரியும், நடுவே சாலை இருக்கலாம், இன்னொரு வரிசைக் கட்டடமே இருக்கலாம். கடலுக்குச் சில அடிகள்தான் என்று போட்டிருந்தால் மேப்பில் அளந்து பாருங்கள். மிராமர் பீச்சில் பழைய 98 சாலையும், பனாமா சிட்டி பீச்சில் ஃப்ரண்ட் பீச் ரோடும் கடலை ஒட்டியே ஓடுகின்றன. இந்தச் சாலைகளுக்கு வடக்கே வீடு என்றால் குடை, ஐஸ்பெட்டி, பிள்ளைகள் எல்லாவற்றோடும் ஒவ்வொரு தடவையும் சாலையைக் கடக்க வேண்டும். ஊர் நடுவே ஓடும் பெரிய ஹைவே 98-க்கு வடக்கே என்றால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள், தினமும் காரில்தான் போக வேண்டியிருக்கும், பார்க்கிங் காலை ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும்.

கடலோரமாக இல்லாத வீடு என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும், எந்த வழியாகக் கடற்கரைக்குப் போக எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று. வால்ட்டன் கவுண்டியில், அதாவது மிராமர் பீச்சும் 30ஏ-வும் இருக்கும் பகுதியில், வீட்டுக்கு முன்னால் உள்ள உலர்ந்த மணல் தனியார் சொத்தா பொதுவா என்று பல ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. 2018-ல் மாநிலம் கொண்டுவந்த சட்டம் தனியார் பக்கம் சாய்ந்தது, 2025-ல் அதை நீக்கினார்கள். ஆனாலும் ஒவ்வொரு துண்டு மணலின் நிலையும் ஒரே நாளில் மாறிவிடாது. பொது வழியை ஒட்டிக் குடை நட்டால் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள், அடுத்த வீட்டு முன்னால் நட்டால் பேச்சு வரலாம். அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சு தேவையில்லை.

14 பேர் தூங்கலாம் என்று போட்டிருப்பார்கள். அதில் நான்கு பேர் நடைவழியில் பதித்த அடுக்குக் கட்டிலில், இரண்டு பேர் ஹாலில் சோபா கட்டிலில் என்று கணக்கு இருக்கும். கதவு உள்ள படுக்கையறை எத்தனை, அதில் குளியலறையோடு கூடியது எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். கைக்குழந்தையையும் ஆள் கணக்கில் சேர்க்கும் இடங்கள் உண்டு, மறைக்காமல் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். எத்தனை கார் நிறுத்தலாம் என்பதும் முக்கியம், யூனிட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு பாஸ்தான் தருவார்கள், மூன்று குடும்பம் மூன்று காரில் வரும்.

விலை விஷயத்தில் முன்பு பெரிய தலைவலி இருந்தது, ஓர் இரவுக்கு ஒரு விலை காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம் என்று ஏற்றுவார்கள். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, குறுகிய காலத் தங்குமிடங்களுக்குக் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். வரியை மட்டும் பிறகு சேர்க்கலாம், அந்த வரி இங்கே 12 சதவீதத்தை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் இரண்டு நாற்காலி ஒரு குடை என்று தினமும் போட்டுத் தருவது சில யூனிட்களில் வாடகையிலேயே அடக்கம். தனியாக எடுத்தால் வாரத்துக்குச் சில நூறு டாலர் ஆகிவிடும். ஆகவே சற்றே விலை கூடுதலான யூனிட்டில் இது இருந்தால் அதுதான் மலிவு. பெரியவர்கள் மணலில் உட்கார்ந்து எழுவது கஷ்டம் என்பதால் உங்களுக்கு இது கட்டாயம் வேண்டும்.

ஏமாறாமல் இருக்க ஒரு நல்ல வழி உண்டு. ஃப்ளோரிடாவில் இப்படி அடிக்கடி வாடகைக்கு விடும் வீட்டுக்கு டிபிபிஆர் என்ற மாநிலத் துறையின் உரிமம் இருக்க வேண்டும். அந்தத் துறையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். உரிம எண் என்ன என்று கேளுங்கள், முகவரியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நேரடியாகப் பேசினால் பாதி விலை, பணத்தை ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் ஆப் மூலமோ வங்கி வயர் மூலமோ அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேரடியாக எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை, உள்ளூர் நிர்வாக நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் எடுத்தால் சேவைக் கட்டணம் மிச்சமாகும், ஆனால் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள்.

மாதம். இந்தக் கரை பெயரளவில்தான் வெப்பமண்டலம், ஜனவரியில் கடல் நீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இருக்கும், கால் வைக்க முடியாது. அப்போது வடக்கத்திய ஓய்வுபெற்றவர்கள் மாத வாடகைக்கு வந்து தங்கி நடை போவார்கள். ஆகஸ்டில் அதே நீர் 85-ஐ ஒட்டி, வெந்நீர்த் தொட்டியில் இறங்கிய மாதிரி. மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம், அதைச் சமாளிக்கத்தான் பனாமா சிட்டி பீச்சில் மார்ச் மாதம் முழுக்கக் கடற்கரையில் மதுவுக்குத் தடையே வைத்திருக்கிறார்கள். ஜூன், ஜூலை உச்ச விலை, சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் தருவார்கள், தினமும் பிற்பகலில் இடி மின்னல், சில வாரம் ஜூன் கிராஸ் என்ற பச்சைப் பாசி கரையோரம் சூப்பாக மிதக்கும். பாசியால் கெடுதல் இல்லை, ஆனால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை. செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே முடிந்ததும் விலை இறங்கும், நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், காற்றில் புழுக்கம் இல்லை, அப்பா அம்மா பகல் பதினொரு மணிக்கும் வெளியே உட்காரலாம். ஜார்ஜியாவில் பல பள்ளி மாவட்டங்களுக்கு அந்தச் சமயத்தில் ஒரு வார விடுமுறை வருகிறது, உங்கள் பள்ளிக் காலண்டரைப் பார்த்து அதற்குப் பொருத்துங்கள். அது சரிவராவிட்டால் மே முதல் மூன்று வாரங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல் ஐந்தாம் வகை வேகத்தோடு, பனாமா சிட்டிக்குக் கிழக்கே உள்ள மெக்சிகோ பீச் என்ற ஊரில் கரையேறி அந்த ஊரையே துடைத்துவிட்டது. 2020 செப்டம்பரில் சாலி புயல் பென்சகோலா பக்கம் வெள்ளமாக இறங்கியது. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் உங்கள் இடத்தில் புயல் அடிக்கும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் பணம் பெரிது. ஆகவே பயணக் காப்பீட்டை வீடு பதிவு செய்த அன்றே வாங்குங்கள், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குப் பணம் வராது. கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தால் வாடகை திரும்பக் கிடைக்குமா, வெறும் மழை எச்சரிக்கை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் படியுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருக்கும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். இங்கே கடல் பார்க்கக் குளம் போல இருப்பதால்தான் ஆட்கள் இறக்கிறார்கள். 2024 ஜூனில் பனாமா சிட்டி பீச்சுக்கு அலபாமாவிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் வந்து சேர்ந்த அன்றே மூழ்கிப் போனார்கள். நம்மில் பலருக்கு நீச்சல் அரைகுறை, கடலில் நின்று பழக்கம் அதைவிடக் குறைவு.

கரையில் கொடி கட்டியிருப்பார்கள். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் கவனம், ஒற்றைச் சிவப்பு என்றால் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டுவிட்டது, முழங்கால் நீருக்குக்கூட இறங்கக் கூடாது, மீறினால் அபராதம். ஊதாக் கொடி ஜெல்லி மீன் போன்றவற்றுக்கு. ஒற்றைச் சிவப்பு அன்றைக்கும் உங்கள் கூட்டத்தில் யாரும் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து, வெயில் பளிச்சென்று அடித்தாலும் சரி. கொடியே இல்லையென்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே இழுக்கும் நீரோட்டத்தை, ரிப் கரண்ட் என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கப் பழகுங்கள். கரைக்கு இணையாக நீருக்கடியில் மணல்திட்டு ஓடும். அலை அதில் மோதி வெள்ளையாக உடையும். நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், சற்றே கருமையாக, அமைதியாக ஒரு சந்து தெரியும். பழக்கமில்லாதவர்கள் இங்கேதான் அலை இல்லை என்று பிள்ளையை அழைத்துப் போவார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் கரைக்கு வந்த தண்ணீர் முழுக்கத் திரும்பிப் போகிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, எவ்வளவு வலுவானவரும் களைத்துவிடுவார். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் தள்ளுகிறது. மல்லாந்து மிதந்து, பக்கவாட்டில் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வர வேண்டும். காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள், மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு 911 அழையுங்கள்.

கரை தெற்கு நோக்கியிருக்கிறது என்றேன் அல்லவா. வடக்குக் காற்று அடிக்கும் நாளில் கடல் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கும், எல்லோரும் மயங்கிப்போகும் நாள் அது. ஆனால் அந்தக் காற்று ஊதிய மிதவைகளைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகும், பிள்ளை படுத்திருக்கும் வாத்து மிதவை சில நிமிடங்களில் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அன்றைக்கு மிதவையே வேண்டாம். சின்னவர்களுக்குக் கடலோரக் காவல்படை அங்கீகரித்த லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே அளவு பார்த்து வாங்கி வாருங்கள், கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகளை நம்ப வேண்டாம். அம்மாவும் மற்ற பெண்களும் சுடிதாரோடு இறங்குவதாக இருந்தால் கணுக்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், நனைந்த துணி அலையில் காலைச் சுற்றும், துப்பட்டா இன்னும் மோசம். ரேஷ் கார்ட் என்ற ஒட்டிய நீச்சல் மேலாடையும் லெக்கிங்ஸும் போட்டால் உடம்பும் மறையும், பாரமும் இருக்காது. உயிர்காப்பாளர் இருக்கும் இடத்துக்கு அருகே குடை போடுங்கள், அதற்காகக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

சமையல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சில விஷயம் அங்கே போனால்தான் தெரியும். பெரும்பாலும் கண்ணாடி மேல்தட்டு மின்அடுப்பு, புகையை வெளியே தள்ளாத விசிறி, தலைக்கு மேலேயே புகை அலாரம். மிளகாய் தாளித்தால் கத்திவிடும், ஜன்னலைத் திறந்துவிட்டுச் சின்னச் சூட்டில் தாளியுங்கள். குக்கர், தோசைக்கல், புளி, பொடிகள் எல்லாம் கொண்டுபோங்கள், இந்தியக் கடையை நம்பிப் போக வேண்டாம். பப்ளிக்ஸும் வால்மார்ட்டும் அருகிலேயே இருக்கும். மாவைப் பாதிப் பாத்திரம்தான் ஊற்றி ஐஸ்பெட்டியில் வையுங்கள், ஆறு மணி நேரப் பயணத்தில் பொங்கும். அங்கே ரெட் ஸ்னாப்பர் அற்புதமாகக் கிடைக்கும், நம் சங்கராவின் சொந்தம்தான், குழம்புக்கு அதைவிட நல்ல மீன் இல்லை. நெருப்பில் சுடுவதானால் கட்டடத்தின் கீழே உள்ள பொது அடுப்பில், பால்கனியில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். கழிவறைத் தாள், பாத்திர சோப்பு எல்லாம் முதல் நாளுக்கு மட்டும்தான் வைத்திருப்பார்கள், கடற்கரைத் துண்டு பெரும்பாலும் இருக்காது.

ஒரு நாள் கடலை விட்டுவிட்டு கிரேட்டன் பீச் ஸ்டேட் பார்க்குக்குப் போய் வாருங்கள். மணல்மேடுகளுக்குப் பின்னால் வெஸ்டர்ன் லேக் என்று ஓர் ஏரி, தேநீர் நிறத்தில், நடுவில் பைன் மரங்கள் நிழல் விழ. அவ்வப்போது மணலை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும், பிறகு தானே மூடிக்கொள்ளும். வால்ட்டன் கவுண்டியில் இப்படி 15 ஏரிகள், உலகத்திலேயே மிகச் சில இடங்களில்தான் இவை உண்டு. முதலை இருக்கலாம், ஏரியில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். டெஸ்டினில் கிராப் ஐலண்ட் என்ற நீரடி மணல்திட்டுக்குப் படகு எடுத்துப் போக பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் படகு ஓட்ட வேண்டுமானால் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கட்டாயம், அதை முன்கூட்டியே இணையத்தில் முடித்துவிடுங்கள். ஓட்டுபவரோடு போகும் படகே உங்களுக்கு நல்லது.

மே முதல் அக்டோபர் வரை கடலாமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். இரவில் கடல் பக்க விளக்குகளை அணைத்துத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், வெள்ளை டார்ச்சோடு நண்டு பார்க்கப் போகாதீர்கள், பகலில் தோண்டிய குழியை மாலையில் மூடிவிடுங்கள். வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்ச் செத்துவிடும்.

பயண நாளில் மான்ட்கமரி வழியாகவோ, கொலம்பஸ், டோத்தன் வழியாகவோ வரலாம். பனாமா சிட்டி என்றால் டோத்தன் வழி, மற்றவற்றுக்கு மான்ட்கமரி வந்து 331 சாலை. அங்கே உங்கள் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கிய நேரம், மாலை நான்கு மணிக்குச் சாவி என்றால் அட்லாண்டா கணக்கில் ஐந்து. திரும்பும் நாள் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும், அது உங்களுக்குப் பதினொன்று, அந்த ஒரு மணி நேரம் பதின்மூன்று பேர் குளித்துக் கிளம்பப் பெரிய உதவி. உள்ளே நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் எல்லா அறைகளையும் வீடியோ எடுத்து வையுங்கள், உடைந்தது ஏதாவது இருந்தால் அப்போதே செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

அக்டோபர் என்று முடிவு செய்தால் மே, ஜூனிலேயே பதிவு செய்யலாம். கோடையில்தான் போயாக வேண்டும் என்றால் ஜனவரியைத் தாண்ட விடாதீர்கள், அடுத்தடுத்து இரண்டு யூனிட் கிடைப்பது அதற்குப் பிறகு கஷ்டம்.